மாற்றுத்திறன் குழந்தைக்கு பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) கிடைக்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் மகனுக்கு 7 வயது, ஆட்டிசம். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (திறன்மிக்க பணியாளர்களுக்கான குடியேற்ற வழி) அழைப்பு வந்திருக்கிறது. ஆட்டிசம் என்றாலே மெடிக்கலில் நிராகரித்துவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா? (கோவை வாசகி)

2018-க்கு முன்பு என்றால் அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. கனடா குடியேற்றச் சட்டத்தின் 38-வது பிரிவு, அரசின் மருத்துவ, சமூக சேவைகளுக்கு 'அளவுக்கு மீறிய சுமை' ஆகக்கூடியவரை மறுக்க இடம் தருகிறது. 2017-ல் அந்த வரம்பு ஆண்டுக்கு 6,655 டாலர்தான். அப்போது சிறப்புக் கல்விச் செலவும் கணக்கில் சேரும். பள்ளியில் ஓர் உதவியாளர் தேவை என்று எழுதினாலே வரம்பைத் தாண்டிவிடும். யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் குடும்பம் மகனின் டவுன் சிண்ட்ரோமைக் காட்டி மறுக்கப்பட்டு, 2016-ல் கோஸ்டா ரிகாவுக்கே திரும்பிப் போனது. விஷயம் பெரிதான பிறகுதான் அவர்களுக்கு அனுமதி வந்தது.

2018 ஜூனில் வரம்பை மூன்று மடங்காக்கி 19,965 டாலர் என்று வைத்தார்கள். ஆண்டுதோறும் அதைத் திருத்துகிறார்கள். 2024-ல் ஆண்டுக்கு 26,220 டாலர், 5 ஆண்டுக்கு 1,31,100 டாலர். தொகையைவிட முக்கியமான மாற்றம் வேறு. சிறப்புக் கல்வி, சமூக மற்றும் தொழில் மறுவாழ்வுப் பயிற்சி, குளிப்பாட்ட, உடுத்த, ஊட்ட ஆள் வைக்கும் செலவு ஆகியவற்றைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மருத்துவர், மருத்துவமனை, பரிசோதனைகள், அரசு பணம் கொடுக்கும் மருந்துகள், நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பது, முழுநேரக் காப்பகம் ஆகியவை இன்னும் கணக்கில் உண்டு.

ஆகவே வேறு நோய் இல்லாத, பெரிய மருந்துச் செலவும் இல்லாத ஆட்டிசம் குழந்தை வரம்புக்குள் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. இன்று மாட்டிக்கொள்வது பெரும்பாலும் விலை உயர்ந்த மருந்தும் சிகிச்சையும்தான்: ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய்க்கான ஃபேக்டர் ஊசி, எஸ்.எம்.ஏ. என்ற தசைச் சிதைவு நோய்க்கான மருந்துகள், டயாலிசிஸ். நோயின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை, செலவைத்தான் பார்க்கிறார்கள்.

பேனல் டாக்டரிடம் போகும்போது என்னென்ன கொண்டுபோக வேண்டும்? (மதுரை வாசகர்)

பேனல் டாக்டர் என்பவர் குடியேற்றப் பரிசோதனைக்காகக் கனடா அரசு அங்கீகரித்த மருத்துவர். முடிவெடுப்பவர் அவர் அல்ல. அவர் பரிசோதித்து ஆன்லைனில் ஏற்றுவார். மதிப்பிடுவது கனடா குடியேற்றத் துறையின் மருத்துவ அதிகாரி. அந்த அதிகாரி உங்கள் பிள்ளையை நேரில் பார்க்கப்போவதில்லை, தாளைத்தான் பார்ப்பார். அதனால் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் கவனம் வேண்டும்.

நம் ஊர் டாக்டர்கள் பரிவோடு எழுதித்தரும் ஒரு வரி உண்டு: 'வாழ்நாள் முழுவதும் தீவிர மருத்துவக் கண்காணிப்பும் சிகிச்சையும் தேவை.' உதவித்தொகைக்கு அது உதவும், இங்கே அதுவே வினை. எந்தச் சிகிச்சை, எவ்வளவு என்று இல்லாததால் அதிகாரி செலவைக் கூட்டியே கணக்குப் போடுவார். அதற்குப் பதில் இப்படி இருக்கட்டும்: 'வலிப்புக்கு சோடியம் வால்ப்ரோயேட் 200 மி.கி., இரு வேளை. கடைசி வலிப்பு வந்த தேதி இது. நரம்பியல் மருத்துவரிடம் 6 மாதத்துக்கு ஒரு முறை. அறுவை சிகிச்சை எதுவும் திட்டத்தில் இல்லை.' பொய்யும் வேண்டாம், மழுப்பலும் வேண்டாம். உள்ளதை அளவோடு எழுதச் சொல்லுங்கள். சமீபத்திய உளவியல் மதிப்பீடு, பள்ளி அறிக்கை, தானே செய்துகொள்ளும் வேலைகளின் விவரம் ஆகியவற்றையும் சேருங்கள். பரிசோதனை 12 மாதமே செல்லும். கோப்பு இழுத்தால் மறுபடி செய்யச் சொல்வார்கள்.

'பிள்ளையை உடன் வராதவர் என்று போட்டுவிடுங்கள், பிறகு ஸ்பான்சர் செய்து கூப்பிடலாம்' என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா? (சேலம் வாசகர்)

கூடாது. உடன் வராத பிள்ளைக்கும் பரிசோதனை உண்டு. அந்தப் பிள்ளை தேறாவிட்டால் பொதுவாக முழுக் குடும்பத்துக்குமே மறுப்பு வரும். எனவே இதில் எதுவும் மிச்சமாகாது. பெயரையே மறைத்துவிட்டால் இன்னும் மோசம். அறிவிக்காத, பரிசோதிக்காத பிள்ளையைப் பிற்பாடு குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாது என்பதே பொது விதி. தவறான தகவலுக்கு 5 ஆண்டுத் தடையும் வரலாம். ஏஜென்ட் அப்போது அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அளவுக்கு மீறிய சுமை என்று கடிதம் வந்துவிட்டது. இனி என்ன வழி? (சென்னை வாசகி)

அது மறுப்பு அல்ல. மறுக்கும் முன் உங்கள் பதிலைக் கேட்கும் கடிதம். கெடு தேதி அதிலேயே இருக்கும், பெரும்பாலும் 90 நாள். போதாது என்று தெரிந்தால், கெடு முடியும் முன்பே எழுத்தில் கூடுதல் அவகாசம் கேளுங்கள்.

கடிதத்தில் எந்தச் சேவைக்கு எவ்வளவு டாலர் என்று போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வரியையும் உங்கள் சிறப்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நோய் கண்டறிந்தது சரியா? அந்தச் சேவை உண்மையிலேயே தேவையா? 2018-ல் நீக்கிய சேவை ஏதாவது உள்ளே வந்திருக்கிறதா? போட்ட மருந்துக்கு விலை குறைந்த ஜெனரிக் இருக்கிறதா, உங்கள் பிள்ளைக்கு அது ஒத்துவருமா? மருத்துவர் 'ஒத்துவரும்' என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தால், பல நேரம் அந்த ஒரு வரியிலேயே தொகை வரம்புக்குள் இறங்கிவிடும்.

அடுத்தது, செலவை எப்படிச் சமாளிப்பீர்கள் என்ற திட்டம். 2005-ல் கனடா உச்ச நீதிமன்றம் ஹிலெவிட்ஸ் வழக்கில், எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைக்காமல் அந்தந்தக் குடும்பத்தின் நிலையையும் வசதியையும் பார்க்க வேண்டும் என்று சொன்னது. ஆனால் 'ஆஸ்பத்திரிச் செலவை நானே கட்டுகிறேன்' என்று எழுதிப் பயனில்லை. அங்கே மருத்துவரும் மருத்துவமனையும் எல்லோருக்கும் பொது; உங்கள் வாக்குறுதியை வசூலிக்க வழி இல்லாததால் ஏற்க மாட்டார்கள். வெளியே வாங்கும் மருந்துக்கு, வேலை தரும் நிறுவனத்தின் குழுக் காப்பீடு இவ்வளவு தரும் என்று பாலிசித் தாளோடு காட்டினால் மதிப்பு உண்டு. வெறும் வங்கி இருப்பைக் காட்டி ஒப்பேற்ற முடியாது. எந்தச் சேவை, எங்கே, யார் தருவார், என்ன கட்டணம், அத்தனை ஆண்டுக்கும் பணம் எங்கிருந்து என்று எழுத வேண்டும். இதற்கு மட்டுமாவது உரிமம் பெற்ற வழக்கறிஞரிடம் போங்கள்.

கணவர் கனடாவின் ஸ்கார்பரோவில் நிரந்தர வதிவிடம் பெற்றவர். என்னையும் மகளையும் ஸ்பான்சர் செய்கிறார். மகளுக்கு செரிபிரல் பால்சி. சிக்கல் வருமா? (யாழ்ப்பாண வாசகி)

இந்தக் காரணத்துக்காக வராது. ஸ்பான்சர் செய்யப்படும் மனைவி, கணவர், பிள்ளைகளுக்கும் அகதிகளுக்கும் 'அளவுக்கு மீறிய சுமை' விதி பொருந்தாது. பரிசோதனை மட்டும் கட்டாயம்.

மகனுக்கு 26 வயது, அறிவுத்திறன் குறைபாடு. 22-க்கு மேல் பிள்ளையாகச் சேர்க்க முடியாதாமே? (திருச்சி வாசகர்)

முடியும். உடல் அல்லது மனநிலைக் குறைபாட்டால் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல், 22 வயதுக்கு முன்பிருந்தே பெற்றோரைச் சார்ந்திருப்பவர் எந்த வயதிலும் சார்ந்த பிள்ளைதான். ஆனால் 'முன்பிருந்தே' என்பதை நிரூபிக்க வேண்டும். சென்ற ஆண்டு எடுத்த யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) மட்டும் போதாது. பழைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, சிறப்புப் பள்ளிச் சான்று, சிறுவயது மருத்துவப் பதிவுகளைத் தேடி எடுங்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி போன்ற வழியில் அவருக்கும் மேலே சொன்ன செலவுக் கணக்கு உண்டு.

பெர்த்தில் 482 விசாவில் (நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசா) இருக்கிறோம். மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். மாநில அரசு பரிந்துரைக்கும் 190 நிரந்தர விசாவுக்குப் போவதா, நிறுவனம் வழியாக 186 நிரந்தர விசாவுக்குப் போவதா? (ஆஸ்திரேலிய வாசகர்)

ஆஸ்திரேலியா இதில் கனடாவைவிடக் கறார். 2024 ஜூலை முதல் வரம்பு 86,000 டாலர், முன்பு 51,000. கேட்க நிறையத் தோன்றினாலும் அது ஓர் ஆண்டுக்கான தொகை அல்ல. பொதுவாக 5 ஆண்டுக்கும், நிரந்தரக் குறைபாடு என்றால் 10 ஆண்டு வரைக்கும் கூட்டிப் பார்ப்பார்கள். கணக்கும் உங்கள் மகளுக்கானது அல்ல. அதே குறைபாடு, அதே தீவிரம் உள்ள ஒரு கற்பனை நபருக்கானது. உங்கள் சம்பளமோ தனியார் காப்பீடோ அதைக் குறைக்காது.

ஆகவே வரம்பைத் தாண்டினாலும் அதை மன்னிக்கும் தள்ளுபடி இருக்கிறதா என்பதைப் பார்த்தே விசாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 190-க்கும், யார் பரிந்துரையும் தேவைப்படாத 189 விசாவின் புள்ளி வழிக்கும் பொருந்துவது 4005 என்ற உடல்நல நிபந்தனை. அதில் தள்ளுபடி கிடையாது. 482-ல் வேலை பார்த்ததை வைத்து நிறுவனம் வழியாகப் போகும் 186-ன் மாறுதல் வழிக்கு 4007 என்ற நிபந்தனை. அதில் செலவை மன்னிக்க இடம் உண்டு. உங்கள் வருமானமும் வரியும், வேலைக்கு ஆள் கிடைக்காத நிலை, நிறுவனத்தின் கடிதம், குடும்பத்தின் கவனிப்பு எல்லாம் அங்கேதான் எடுபடும். 186-லும் நேரடி நுழைவு வழி 4005-தான், படிவத்தில் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம்.