தவளைகளின் அரசன் பாம்பா, நாரையா?

கேள்வி: தவளைகள் அரசன் கேட்ட ஈசாப் கதையை இரண்டு ஆங்கில நூல்களில் படித்தேன். ஒன்றில் தவளைகளைத் தின்பது நாரை. மற்றொன்றில் விலாங்கு மீன் ஆண்ட பிறகு கொக்கு வந்து தின்கிறது. முடிவில் சொல்லப்படும் நீதியும் நூலுக்கு நூல் மாறுகிறதே, கிரேக்க மூலத்தில் இருப்பது என்ன?

பதில்: கிரேக்க உரைநடைத் தொகுப்புகளில் தவளைகளைத் தின்பது நீர்ப்பாம்பு. ஆள்வோர் இல்லையே என்று வருந்திய தவளைகள் சீயஸ் கடவுளிடம் தூது அனுப்ப, அவர் ஒரு மரக்கட்டையைக் குளத்தில் போடுகிறார். விழுந்த சத்தத்துக்கு அஞ்சி ஆழத்தில் ஒளிந்தவை, கட்டை அசையாமல் கிடப்பதைக் கண்டதும் மேலே வந்து, அதன் முதுகிலேயே ஏறி உட்காரும் அளவுக்கு அதனை இளக்காரமாக எண்ணத் தொடங்குகின்றன. வேறு அரசன் வேண்டும் என்று அவை மறுபடியும் முறையிட, சினங்கொண்ட சீயஸ் பாம்பை அனுப்புகிறார்.

ஆங்கிலத்தில் பாம்பு பறவையானது மிகவும் பழைய மாற்றம். 1484இல் வில்லியம் காக்ஸ்டன் அச்சிட்ட ஈசாப், பிரெஞ்சு நூலிலிருந்து பெயர்க்கப்பட்டது. அதிலேயே கொக்கு வந்துவிட்டது. நீங்கள் படித்த விலாங்கு மீன், ஜார்ஜ் ஃபைலர் டவுன்சென்ட் 1867இல் வெளியிட்ட பெயர்ப்பில் உள்ளது. கிரேக்கத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்ததாகத் தலைப்பிலேயே கூறும் அந்த நூலில் சீயஸ் கூட ரோமானிய ஜூபிடராகிவிடுகிறார் என்பதையும் கவனியுங்கள்.

விலங்கு மாறியதைவிட நீதி மாறியதுதான் பெரிய மாற்றம் என்பேன். தொல்லை தரும் ஆட்சியாளரைவிட மந்தமானவரே மேல் என்பது கிரேக்கத் தொகுப்பின் நீதி. கி.பி. முதல் நூற்றாண்டில் லத்தீனில் செய்யுளாக்கிய ஃபீட்ரஸ், பிசிஸ்ட்ராட்டஸ் ஆட்சியைக் கைப்பற்றியபோது ஏதென்ஸ் மக்களுக்கு ஈசாப் சொன்ன கதையாக இதனை அமைத்து, இதைவிடப் பெரிய தீங்கு வராமலிருக்க இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முடிக்கிறார். 1894இல் ஈசாப் கதைகளை ஆங்கிலத்தில் தந்த ஜோசப் ஜேக்கப்ஸோ, கொடிய ஆட்சியைவிட ஆட்சியே இல்லாதது நல்லது என்கிறார். முன்னிரண்டிலும் கட்டையை வெறுத்தது தவளைகளின் பிழை. இதிலோ அரசனைக் கேட்டதே பிழையாகிறது!

இதில் மொழிபெயர்ப்பாளரின் அரசியலும் உண்டு. 1692இல் ஈசாப்பைப் பெயர்த்த ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச், இரண்டாம் சார்லஸ் காலத்தில் அச்சகங்களைக் கண்காணித்த அரச விசுவாசி. அவருடைய விளக்கங்கள் சுதந்திரமாகப் பிறந்த பிரிட்டிஷ் பிள்ளைகளுக்கு ஒவ்வாதவை என்று சாடி, சாமுவேல் கிராக்சால் 1722இல் தம் நூலைக் கொண்டுவந்தார். சிறுவருக்கான விலங்குக் கதைகளுக்கு இவ்வளவு சண்டையா என்று தோன்றலாம்; ஆனால் அரசனைப் பற்றிய கதையில் கட்சி நுழையாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

கேள்வி: அப்படியானால் எந்த ஆங்கிலப் பெயர்ப்பை வாங்கலாம்?

பதில்: ஒப்பிட்டுப் படிக்க விரும்பும் உங்களுக்கு லாரா கிப்ஸ் 2002இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகத் தந்த தொகுப்பையே பரிந்துரைப்பேன். அதிலுள்ள 600 கதைகளிலும் மூல நூல் எது என்பது குறிக்கப்பட்டுள்ளது. ஈசாப் கதைகளுக்கு அறிஞர் பெர்ரி வகுத்த வரிசை எண்ணும் உண்டு. தவளைக் கதையின் எண் 44. பெர்ரி எண்ணைத் தரும் வேறு நூல்களிலும் இதே எண்ணைக் கொண்டு தேடலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஆர்தர் ராக்கமின் படங்களோடு 1912இல் வந்த வெர்னான் ஜோன்ஸ் பெயர்ப்பையும் சேர்த்து வாங்குங்கள்.