'போடு' வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் 'புட்' சொல்லலாமா? இல்லையென்றால் வேறு எந்தச் சொல்?

முக்கால்வாசி இடங்களில் கூடாது. நம் 'போடு' லீவு, சண்டை, கோலம், கேஸ் என எதோடும் ஒட்டிக்கொள்ளும். ஆங்கில 'புட்' அப்படியல்ல, அது நம்முடைய 'வை'க்குத்தான் நெருங்கிய சொந்தம். 'பையில் போடு' என்பதை 'பையில் வை' என்று மாற்ற முடிகிறதா? அங்கே 'புட்' சரி. 'சண்டை வை' என்று யாரும் சொல்வதில்லை, ஆகவே 'புட் ஃபைட்' தப்பு, வெறும் 'ஃபைட்' போதும்.

எங்கே வைத்தோம் என்பதும் வாக்கியத்திலேயே வர வேண்டும். 'ஐ புட் த கீ' அந்தரத்தில் நிற்கும். 'ஆன் த டேபிள்' சேர்ந்தால்தான் முழுசு.

ஆபீஸ் மெயிலில் அதிகம் மாட்டிக்கொள்வது லீவு. 'ஐ புட் லீவ்' என்றால் வெளிநாட்டுக்காரருக்கு விளங்காது. 'லீவு போட்டேன்' என்பதில் இரண்டு சங்கதி இருக்கிறது. எழுதிக் கொடுத்ததைச் சொன்னால் 'அப்ளைட் ஃபார் லீவ்'. வேலைக்கே வரவில்லை என்றால் 'டுக் எ டே ஆஃப்'. மேலதிகாரி இன்னும் சரி சொல்லாத நிலையில் இரண்டாவதை எழுதினால் அர்த்தமே மாறிவிடும்.

உடுப்பு விஷயத்தில் தமிழே வழிகாட்டும். 'சட்டை போட்டான்' என்பது 'புட் ஆன்', கையை நுழைத்துப் பட்டன் மாட்டும் அந்தச் செயல். 'நீலச் சட்டை போட்டிருந்தான்' என்பது 'வாஸ் வியரிங்'. அந்த 'இருந்தான்' வந்தாலே 'வியர்' பக்கம் போய்விடுங்கள். 'வாஸ் புட்டிங் ஆன்' என்று எழுதினால் ஆள் இன்னும் பட்டன் போட்டுக்கொண்டே இருப்பான்.

மீதியை வேகமாகச் சொல்கிறேன். மீட்டிங்குக்கு 'ஷெட்யூல்', கேஸுக்கு 'ஃபைல்', டீக்கு 'மேக்', கோலத்துக்கு 'டிரா', சாப்பாட்டுக்கு 'சர்வ்', ஊசிக்கு 'கிவ்'. ரோடு போடுவதற்கும் கோழி முட்டை போடுவதற்கும் ஒரே சொல்: 'லே', கடந்த காலத்தில் 'லெய்ட்'. ஃபேனுக்கு 'டர்ன் ஆன்' அல்லது 'ஸ்விட்ச் ஆன்'. 'புட் த லைட் ஆன்' பிரிட்டிஷ் வழக்கில் உண்டு. அந்த 'ஆன்' விடுபட்டால்தான் தப்பு.

அபூர்வமாக இரண்டு மொழியும் கைகோக்கும் இடமும் ஒன்று உண்டு: 'வெயிட் போட்டுட்டேன்' என்பதற்கு 'ஐ ஹேவ் புட் ஆன் வெயிட்' கச்சிதம்.