அமெரிக்கச் சிற்றூரின் இன விகிதங்களைக் கூட்டினால் 100-ஐத் தாண்டுவது ஏன்?

அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒருவரின் இனத்தை ஒரு கேள்வியாகவும், அவர் ஹிஸ்பானிக் மரபினரா (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவரா) என்பதை வேறொரு கேள்வியாகவும் கேட்டுவந்ததே இதற்குக் காரணம். ஹிஸ்பானிக் மரபினர் எந்த இனத்தவராகவும் இருக்கலாம் என்பதால், வெள்ளையர், கறுப்பினத்தவர், ஆசியர், பூர்வகுடியினர் முதலிய பிரிவுகளின் கூட்டுத்தொகையோடு ஹிஸ்பானிக் மரபினரின் விகிதத்தையும் சேர்க்கும்போது ஒரே மனிதர் இருமுறை எண்ணப்படுகிறார். இவ்விரு கேள்விகளையும் ஒன்றாக்க 2024-இல்தான் முடிவாயிற்று.

சிற்றூர் என்றால் இன்னும் கவனம் தேவை. 400 பேர் வாழும் ஊரில் நால்வர் கொண்ட ஒரு குடும்பம் வெளியேறினாலே அவர்கள் சார்ந்த சிறு பிரிவின் விகிதம் ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி சரிந்துவிடும். போதாக்குறைக்கு, தனிநபர் விவரம் வெளிப்படாதிருக்க 2020 கணக்கெடுப்பின் எண்களில் சிறு பிறழ்வுகள் வேண்டுமென்றே புகுத்தப்பட்டுள்ளன.