க்ரூக்ஸின் தனிமை வேறு

கேள்வி: ஜான் ஸ்டைன்பெக் எழுதிய 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' குறுநாவல் எங்களுக்குப் பாடமாக உள்ளது. அது நட்பையும் தனிமையையும் பற்றிய கதை என்றும், அதில் வரும் கறுப்பினத்தவரான க்ரூக்ஸ் மற்றவர்களைப் போலத் தனிமையில் வாடும் இன்னொருவர் மட்டுமே என்றும், இனப் பாகுபாட்டை அதில் தேடுவது வலிந்து பொருள் கொள்வது என்றும் வகுப்பில் சொல்லப்பட்டது. அவரே வெள்ளந்தியான தொழிலாளி லென்னியைக் கொடுமைப்படுத்தும்போது அவரை அநீதிக்கு ஆளானவர் என்று எப்படிச் சொல்வது? இனவசைச் சொல் நிறைந்த இந்நூலைப் பாடமாக வைக்கத்தான் வேண்டுமா?
— கல்லூரி மாணவி ஒருவர், திருநெல்வேலி

பதில்: அந்தக் குறுநாவலின் நான்காம் அத்தியாயத்தை முழுவதும் படித்த பிறகும் அதில் இனப் பாகுபாடு பேசப்படவில்லை என்று சொல்வதுதான் வலிந்து பொருள் கொள்வது. 1937-ல் வெளிவந்த அந்நூலில் தனிமை உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. கலிஃபோர்னியாவின் சலீனாஸ் பள்ளத்தாக்கில், சோலெடாட் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் மூட்டை சுமக்கும் அந்த ஆட்கள் குடும்பமற்றவர்கள். மாதச் சம்பளத்தை வாங்கி நகரத்தில் தொலைத்துவிட்டு அடுத்த பண்ணைக்கு நடையைக் கட்டுகிறவர்கள். அவர்களுடைய தனிமை பிழைப்பால் வந்தது. க்ரூக்ஸின் தனிமையோ சக மனிதர்கள் கட்டுப்பாடாக வகுத்து, அன்றாடம் மீறாமல் காத்து வருவது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டால், அந்தக் கட்டுப்பாட்டை விதித்தவர்கள் யார் என்று கேட்கவே இடமில்லாமல் போய்விடுகிறது.

அவர் குடியிருக்கும் இடத்தைப் பாருங்கள். மற்ற தொழிலாளர்கள் ஒரே கொட்டகையில் சேர்ந்து படுக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள். லாயத்தைக் கவனிக்கும் க்ரூக்ஸுக்கு லாயத்தின் சுவரை ஒட்டி இறக்கிய சாய்ப்பில், சேணமும் கடிவாளமும் வைக்கும் அறையில் இடம் தரப்பட்டிருக்கிறது. வைக்கோல் நிரப்பிய நீண்ட பெட்டிதான் அவருடைய படுக்கை. குதிரைகளுக்கான மருந்துப் புட்டிகளும் அவருக்கான மருந்துப் புட்டிகளும் அதன் மேலே சேர்ந்தே நிற்கின்றன. அந்த அறைக்குள் ஒரு சனிக்கிழமை இரவு கிழவர் கேண்டி தயங்கித் தயங்கி நுழைகிறார். இருவரும் நெடுங்காலமாக ஒரே பண்ணையில் இருப்பவர்கள்; இருந்தும் அன்றுதான் அவர் அந்த வாசலைத் தாண்டுகிறார். தனக்கென்று ஓர் அறை இருப்பது எவ்வளவு வசதி என்று அவர் நல்லெண்ணத்தோடு சொல்லும்போது, சன்னலுக்குக் கீழே எருக்குவியலும் சேர்த்துத்தான் கிடைத்திருக்கிறது என்று க்ரூக்ஸ் பதில் சொல்கிறார். கேண்டி கெட்டவர் அல்லர். ஆனால் பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஒரு மனிதர் எப்படி வாழ்கிறார் என்பதை அறியாமலேயே இத்தனை ஆண்டுகள் அவரால் இருந்துவிட முடிந்திருக்கிறது.

இதே கேண்டி தம் வலது கையைப் பண்ணை வேலையில் இழந்தவர். அதற்கு இழப்பீடாக அவருக்கு 250 டாலர் கிடைத்தது. பண்ணைக்கு ஒன்றாக வேலைக்கு வந்த நண்பர்கள் ஜார்ஜும் லென்னியும் கண்ட சொந்த நிலக் கனவு, 600 டாலருக்கு வாங்கிவிடக்கூடிய உண்மையான திட்டமாக மாறுவது இந்தப் பணத்தால்தான். க்ரூக்ஸும் குதிரை உதைத்து முதுகு வளைந்தவர்தான். அதற்காக அவருக்கு ஒரு டாலராவது கிடைத்ததாக நூலில் ஒரு வரிகூட இல்லை. எனவே அந்தக் கனவில் தமக்கும் இடம் கேட்க அவர் வாய் திறக்கும்போது, கூலி வேண்டாம், சாப்பாடு போட்டால் போதும், வந்து உழைக்கிறேன் என்பதற்கு மேல் அவரிடம் கொடுப்பதற்கு எதுவுமில்லை. கனவு காண்பதற்குக்கூட முதல் வேண்டும், அந்த முதலை யாருக்குத் தருவது என்பதை இனம் தீர்மானிக்கிறது என்பதை ஸ்டைன்பெக் விரிவுரை எதுவும் செய்யாமலே காட்டிவிடுகிறார். நூல் முழுவதிலும் என்னை அதிகம் உலுக்கிய இடம் இதுதான். பாடக் குறிப்புகளில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இருப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அடுத்து, இரண்டாம் அத்தியாயத்தில் கேண்டி மகிழ்ச்சியோடு நினைவுகூரும் கிறிஸ்துமஸ் இரவு. அன்று முதலாளி விஸ்கி வாங்கித் தந்ததால் க்ரூக்ஸைக் கொட்டகைக்குள் அனுமதித்தார்கள். அனுமதித்த கையோடு ஒருவன் அவரோடு சண்டைக்குப் போகிறான். க்ரூக்ஸுக்கு முதுகு வளைந்திருப்பதால் அவன் காலைப் பயன்படுத்தக் கூடாது என்று மற்றவர்கள் விதி போட்டார்களாம். அதையே பெரிய நியாயமாக எண்ணிச் சுவைத்துச் சொல்கிறார் கிழவர். ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே விடுவது, விட்டதும் வேடிக்கைக்கு அடிக்கப் பார்ப்பது, அதிலும் கொஞ்சம் இரக்கம் காட்டியதாகப் பெருமைப்படுவது: இவை அனைத்தும் எந்த உறுத்தலும் இல்லாமல் ஒரு நல்ல மனிதரின் வாயிலிருந்து வருகின்றன. முதலாளி கோபம் வந்தால் லாயக்காரர் மேல்தான் பாய்வார், ஆனால் அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை என்றும் அதே மூச்சில் சொல்லப்படுகிறது. பொருட்படுத்துவதில்லை என்று அவரிடம் யாரும் கேட்டு அறிந்ததாகத் தெரியவில்லை.

க்ரூக்ஸின் அலமாரியில் கிழிந்த அகராதியோடு 1905-ஆம் ஆண்டின் கலிஃபோர்னிய சிவில் சட்டத் தொகுப்பும் இருக்கிறது. ஆசிரியர் இதைத் தற்செயலாக வைத்தார் என்று நான் நம்பவில்லை. விடுதிகள், உணவகங்கள், முடிதிருத்தகங்கள் போன்ற பொது இடங்களில் குடிமக்கள் அனைவருக்கும் சம அனுமதி உண்டு என்று கலிஃபோர்னியா 1897-ல் இயற்றிய சட்டம், 1905-ல்தான் அந்தத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. அதே தொகுப்பில்தான் வெள்ளையர் கறுப்பினத்தவரை மணப்பது செல்லாது என்ற பிரிவும் இருந்தது; அந்தத் தடையை மாநில உச்ச நீதிமன்றம் நீக்கியது 1948-ல். இப்படி ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் சட்டத்தைத்தான் அவர் பக்கங்கள் நைந்துபோகும் அளவுக்குப் படித்திருக்கிறார். அவர் பேச்சில் உரிமை என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். என் அறைக்குள் வர உனக்கு உரிமை இல்லை என்று லென்னியிடம் சொல்கிறார். பண்ணை முதலாளியின் மருமகளிடமும், அதாவது கர்லியின் மனைவியிடமும், அதையே சொல்லி வெளியே போகச் சொல்கிறார்.

அப்போதுதான் அந்தப் பெண், உன்னை மரத்தில் தொங்கவிட வைப்பது எனக்கு எவ்வளவு எளிது தெரியுமா என்று கேட்கிறாள். அவளும் ஒடுக்கப்பட்டவள்தான்; நூலில் அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஆனால் அந்த அறையில் அவளிடம் ஓர் ஆயுதம் இருக்கிறது, அது அவளுடைய வெள்ளை நிறம். பொய்ப் பழி சுமத்தினால் நாங்கள் உண்மையைச் சொல்வோம் என்று கேண்டி சொல்லிப் பார்க்கிறார். உங்கள் பேச்சை யார் கேட்பார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டதும், யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இது மிகைப்படுத்திய கற்பனை அன்று. 1931-ல் அலபாமாவில், சரக்கு ரயிலில் பயணம் செய்த ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது இரண்டு வெள்ளைப் பெண்கள் பாலியல் வன்கொடுமைப் பழி சுமத்த, சில வாரங்களுக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1933-ல் அப்பெண்களில் ஒருவர் தாம் சொன்னது பொய் என்று நீதிமன்றத்திலேயே கூறியும் நடுவர் குழு குற்றத்தீர்ப்பே வழங்கியது. ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று அறியப்படும் அது, இக்குறுநாவல் வெளிவந்தபோதும் முடிவுக்கு வந்திருக்கவில்லை. தென்மாநிலங்களில் நடப்பது கலிஃபோர்னியாவில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: சலீனாஸுக்கு வடக்கே உள்ள சான் ஹோசே நகரில் 1933 நவம்பரில் ஒரு கும்பல் சிறையை உடைத்து இரண்டு கைதிகளை இழுத்துவந்து மரத்தில் தூக்கிலிட்டது, மாநில ஆளுநர் ஜேம்ஸ் ரால்ஃப் அதை வெளிப்படையாகப் பாராட்டினார். கொல்லப்பட்ட இருவரும் வெள்ளையர்கள். வெள்ளையருக்கே அங்கே அதுதான் கதி என்றால், ஒரு வெள்ளைப் பெண்ணின் குற்றச்சாட்டுக்கு முன்னால் க்ரூக்ஸ் எங்கே நின்றிருப்பார்? அந்த மிரட்டலைக் கேட்டதும் விருப்பும் வெறுப்பும் எதுவும் தொற்ற முடியாதபடி தம்மை ஒன்றுமில்லாதவராகச் சுருக்கிக்கொண்டு, ஆமாம் அம்மா என்று அவர் சொல்வது கோழைத்தனம் அன்று. உயிரோடு இருப்பதற்கு அவர் கற்றுக்கொண்ட வழி.

இனி லென்னியின் விஷயம். ஜார்ஜ் திரும்பி வராமலே போய்விட்டால் என்ன செய்வாய் என்று அந்த வெள்ளந்தியான மனிதனைக் க்ரூக்ஸ் குத்திக் குத்திக் கேட்பது கொடுமைதான். அதை நான் மறைக்க மாட்டேன், ஸ்டைன்பெக்கும் மறைக்கவில்லை. ஆனால் அநீதிக்கு ஆளானவர் அப்பழுக்கற்றவராக இருந்தால்தான் அநீதி அநீதியாகும் என்ற எதிர்பார்ப்பை நாம் வெள்ளைக் கதாபாத்திரங்கள் எவர்மீதும் வைப்பதில்லை. தொழிலாளர்களில் ஒருவனான கார்ல்சன் கேண்டியின் நாயைச் சுட்டுக்கொன்ற பிறகும் அந்தத் தொழிலாளர்களைச் சுரண்டப்பட்டவர்கள் என்றே சொல்கிறோம். மேலும், அந்தக் கொடுமையின் நடுவிலேயே அவர் சொல்வதைக் கேளுங்கள்: உனக்கு ஜார்ஜ் வருவான் என்று தெரியும், உனக்கு யாரும் இல்லை என்று வைத்துக்கொள், கறுப்பன் என்பதால் கொட்டகைக்குள் போய்ச் சீட்டாட முடியாது என்று வைத்துக்கொள் என்கிறார். தம்மிடம் வலிமை இருக்கும் ஒரே சந்தர்ப்பத்தில் தம் நிலையை இன்னொருவருக்கு உணர்த்தப் பார்க்கிறார். லென்னி மிரண்டு எழுந்ததும் நிறுத்திவிடுகிறார்.

இந்நூலுக்குக் குறைகள் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கின் வயல்களில் அந்நாளில் உழைத்த பிலிப்பினோக்களும் மெக்சிகோக்காரர்களும் ஜப்பானியர்களும் இந்தப் பண்ணையில் கண்ணில் படுவதே இல்லை; 1930-ல் அருகிலுள்ள வாட்சன்வில்லில் பிலிப்பினோத் தொழிலாளர்களை வெள்ளையர் கும்பல்கள் நாள்கணக்கில் தாக்கியதை, சலீனாஸிலேயே பிறந்து வளர்ந்த ஸ்டைன்பெக் அறியாதிருக்க முடியாது. க்ரூக்ஸையும் அவர் ஓர் அத்தியாயத்தோடு கைவிட்டுவிடுகிறார். ஐந்தாம் அத்தியாயத்தில், லென்னியின் கையால் இறந்துபோன கர்லியின் மனைவியின் சடலத்தைப் பார்க்க எல்லோரும் ஓடி வரும்போது அவர் யார் கவனத்திலும் படாத தொலைவில் நிற்கிறார். அதன் பிறகு லென்னியைத் தேடிக் கொல்ல அவருடைய துப்பாக்கியை எடுத்துக்கொள்ளச் சொல்லும் கர்லி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

வசைச்சொல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேல்ஸில் பள்ளித் தேர்வுப் பாடத்திட்டத்திலிருந்து இந்நூல் அண்மையில் நீக்கப்பட்டது. வகுப்பில் அச்சொல் உரக்கப் படிக்கப்பட்டபோது கறுப்பின மாணவர்கள் பட்ட வேதனை அதற்கு ஒரு காரணம். அந்த வேதனையை நான் மதிக்கிறேன். கல்லூரி வகுப்பில் நூலை நீக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அச்சொல்லை யாரும் வாய்விட்டு உச்சரிக்கவும் தேவையில்லை. அதைவிட முக்கியமான குறை வேறு: கறுப்பினத்தவரின் வாழ்வை ஒரு வெள்ளை எழுத்தாளரின் ஓர் அத்தியாயத்தின் வழியாக மட்டுமே மாணவர்கள் அறிகிறார்கள். அதே 1930-களில் கறுப்பின எழுத்தாளர்களான ரிச்சர்ட் ரைட்டும் சோரா நீல் ஹர்ஸ்டனும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரையாவது பாடத்தில் சேர்க்கும்படி உங்கள் துறைக்கு மாணவர்கள் சேர்ந்து எழுதுங்கள். அந்தக் கடிதத்தின் நகலை அனுப்பினால் அடுத்த இதழில் முழுமையாக வெளியிடுகிறேன்.