“பெல்ட்டை நானே போடுதேன்!”

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை வயது, யுகேஜி படிக்கிறாள். எடை 19 கிலோ. பழைய கார் சீட்டின் வார் தோளுக்கு எட்டாமல் போனதால், பிள்ளையை உயர்த்தி உட்காரவைத்துக் காரின் பெல்ட்டையே போடவைக்கும் பூஸ்டர் சீட்டுக்கு மாற்றினோம். அன்றிலிருந்து பெல்ட்டை “நானே போடுதேன்” என்று ஒரே அடம். ஆனால் லாக் விழுவதில்லை. பக்கத்தில் கைக்குழந்தை அழ, பள்ளிக்கு நேரமாக, கடைசியில் நான் பிடுங்கிப் போடுகிறேன். அவள் அழுதுகொண்டே வருகிறாள். அத்தையோ, “பிள்ளையை என் மடியில குடு, எதுக்கு இந்தப் பாடு” என்கிறார். இந்த வயதில் அவளால் போட முடியுமா? எப்படிப் பழக்குவது?
- வாசகி, வண்ணார்பேட்டை

பதில்: முடியும் அம்மா. பாளையங்கோட்டையில் மழலையர் வகுப்பு டீச்சராக இருந்தவள் நான். பித்தான், ஷூ வார், டிபன் பாக்ஸ் மூடி என்று சின்ன விரல்களோடுதான் என் உத்தியோகக் காலம் போனது. உங்கள் மகளின் விரல்கள் நன்றாகத்தான் இருக்கும். பழக்குகிற வேளைதான் சரியில்லை. மணி எட்டரை ஆகிவிட்ட பதற்றத்தில் எந்தப் பிள்ளைக்கும் புதிதாக ஒன்று கைவராது. காலையில் நீங்களே போட்டுவிடுங்கள், “சாயங்காலம் நீ போடலாம்” என்று சொல்லிவிட்டு.

சாயங்காலம் காரை வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை உங்கள் கையில் வைத்துக்கொண்டு அவளை உட்கார வையுங்கள். கடைசி வேலையை முதலில் கொடுங்கள். பெல்ட்டை இழுத்து, அதன் உலோக நாக்கை லாக்கின் வாய்வரை நீங்கள் கொண்டுவாருங்கள். அழுத்துவது மட்டும் அவள். ‘டக்’கென்று விழுந்ததும் அந்த முகத்தைப் பாருங்கள்! அது கைவந்த பிறகு நாக்கை மடியிலிருந்து லாக்குக்குக் கொண்டுபோவது, அப்புறம் தோளிலிருந்து இழுப்பது என்று பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். ஒவ்வொரு முறையும் வேலை அவள் கையில் முடிகிறது. அதனால் அழுகைக்கு இடமில்லை. வகுப்பில் பித்தானையும் நான் இப்படித்தான் பழக்கினேன்.

கை மாற்றுவதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். இடது பக்க ஜன்னலோரம் உட்காரும் பிள்ளைக்குப் பெல்ட் இடது தோளுக்கு மேலிருந்து வரும், லாக் வலது இடுப்போரம் இருக்கும். வலது கையால் நாக்கைப் பிடித்து மடிக்குக் கொண்டுவந்ததும் இடது கைக்கு மாற்றச் சொல்லுங்கள். இப்போது சும்மா இருக்கிற வலது கை லாக்கை நிமிர்த்திப் பிடிக்கும், இடது கை அழுத்தும். ஒற்றைக் கையால் குத்தினால் லாக் சாய்ந்துகொண்டே போகும், எத்தனை அழுத்தினாலும் விழாது. உங்கள் மகளுக்கும் அநேகமாக இதுதான் நடக்கிறது. லாக் பூஸ்டரின் அடியில் புதைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பூஸ்டரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே பலமுறை வழி கிடைத்துவிடும். அதற்காகக் கடையில் விற்கும் நீட்டிப்புப் பெல்ட்டை வாங்கி மாட்டாதீர்கள். லாக் இருக்கும் இடம் மாறினால் பெல்ட் உடம்பில் படியும் இடமும் மாறிவிடும்.

வெடுக்கென்று இழுத்தால் பெல்ட் இறுகிக்கொள்ளும். கெட்டுப்போய்விட்டது என்று பிள்ளை பயப்படுவாள். “வேகமா இழுத்தா அது உன்னைப் பிடிச்சுக்கும், அதுதான் அதோட வேலை. உள்ளே விட்டுட்டு மெதுவா இழு” என்று சொல்லுங்கள். இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் பெல்ட் மேல் ஒரு மரியாதையே வந்துவிடும்.

நம் ஊர் வெயில் தெரிந்ததுதானே. சித்திரை வைகாசியில் வெளியே நின்ற காரில் அந்த நாக்கு சுட்டுவிடும். ஒருமுறை சுட்டால் பிள்ளை அதைத் தொடவே யோசிக்கும். காரை நிறுத்தும்போது ஒரு வெள்ளைத் துண்டை மேலே போட்டுவையுங்கள், ஏறுமுன் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அல்வா தின்ற கையைத் துடைத்துவிட்டே லாக்கைத் தொடச் சொல்லுங்கள். முறுக்குத் துணுக்கு, சில்லறைக் காசு எது உள்ளே போனாலும் லாக் சரியாக விழாது. அதற்கு எண்ணெய் விடுகிற வேலையும் கூடாது.

அவள் எவ்வளவு கெட்டிக்காரியாக ஆனாலும் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு. இதை அவளிடமே சொல்லிவிடுங்கள்: “நீ போடு, அம்மா பார்ப்பேன், அப்புறம்தான் வண்டி நகரும்.” லாக்கின் பக்கத்தில் பெல்ட்டை ஒரு சுண்டு சுண்டிப் பாருங்கள். கீழ்ப்பெல்ட் வயிற்றில் ஏறாமல் தொடை சேரும் இடத்தில் படிந்திருக்க வேண்டும். மேல்பெல்ட் கழுத்தை உரசாமல், தோளை விட்டு நழுவாமல், காறை எலும்பின் மேலாக நெஞ்சின் நடுவில் வர வேண்டும். முறுக்கிக்கொண்டிருந்தால் நீவிவிடுங்கள். பூஸ்டரில் கைப்பிடி இருந்தால் பெல்ட் எதன் கீழே போக வேண்டும் என்பது சீட்டோடு வந்த படத்தில் இருக்கும், அதன்படியே போங்கள். கல்யாணம், கோயில் என்று பட்டுப்பாவாடை கட்டினால் கூடுதல் கவனம் வேண்டும். கொசுவம் வயிற்றில் திரண்டு பெல்ட்டை மேலே தூக்கிவிடும். அதை ஒதுக்கிவிட்டுப் பெல்ட்டைத் தாழ்த்துங்கள். புத்தகப் பை முதுகில் இருக்கவே கூடாது.

போடத் தெரிந்தால் கழற்றவும் தெரிந்துவிடும். இன்ஜின் அணைந்து, நீங்கள் “சரி” சொன்ன பிறகுதான் சிவப்புப் பொத்தான் என்று முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். ஓடும் வண்டியில் கழற்றினால் கத்தாதீர்கள். ஓரங்கட்டி நிறுத்துங்கள், மறுபடி போட்ட பிறகு கிளம்புங்கள்.

அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதினால் 19 கிலோ பிள்ளை அதன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு முன்னால் பாயும். எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது, பாசத்துக்கு அங்கே வேலையில்லை. ஒரே பெல்ட்டில் இருவரையும் கட்டினால் பெரியவர் உடம்பே பிள்ளையை நசுக்கிவிடும். ஈரடுக்குப் பாலத்தைத் தாண்டுகிற தூரம்தானே என்பதும் சமாதானம் ஆகாது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அத்தைக்கும் பின்சீட்டில் ஒரு பெல்ட் இருக்கிறது. அவர் அதைப் போடும்போது “ஆச்சிக்கு லாக் விழுந்துட்டா பாரு” என்று பேத்தியிடம் கேளுங்கள், ஓடிவந்து சுண்டிப் பார்ப்பாள்.

கேள்வி: சாரல் தொடங்கியதும் பேரப்பிள்ளைகள் மூவரையும் குற்றாலம் கூட்டிப்போக ஆசை. மூவருக்கும் பூஸ்டர் இருக்கிறது. எங்கள் பழைய காரின் பின்சீட் நடுவில் இடுப்புப் பெல்ட் மட்டும்தான். அங்கே பூஸ்டர் வைக்கலாமா?
- வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. தோளைப் பிடிக்கும் பெல்ட் இருந்தால்தான் பூஸ்டருக்குப் பயன். வெறும் இடுப்புப் பெல்ட்டோடு வைத்தால், மோதும்போது மேலுடம்பு அப்படியே முன்னால் மடியும், தலை இடிக்கும், பெல்ட் வயிற்றை வெட்டும். இரண்டு ஓரங்களில் இருவரை உட்கார வையுங்கள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் கூப்பிடு தூரம்தான், இரண்டு நடையாகப் போய்விடலாம். முதல் நடையில் இறங்கும் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கட்டும்.