பத்துக் காம்புக்குப் பதினோரு குட்டிகள்

கேள்வி: எங்கள் நாய் 11 குட்டிகளை ஈன்று மூன்று நாட்கள் ஆகின்றன. இரண்டு குட்டிகள் மட்டும் சிறுத்துப்போய், மற்றவற்றால் ஒதுக்கப்பட்டுத் தனியே கிடந்து முனகுகின்றன. அவற்றுக்குப் பசும்பால் புகட்டலாமா?

பதில்: பாலைத் தொடுவதற்கு முன், அந்த இரண்டு குட்டிகளின் வாய்க்குள்ளும் சுண்டுவிரலின் நுனியை வைத்துப் பாருங்கள். வாய் சில்லென்றிருந்தால் ஒரு சொட்டுப் பாலும் கொடுக்க வேண்டாம். பிறந்த முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்கு நாய்க்குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடல் குளிர்ந்ததும் குடலின் இயக்கம் அடங்கிவிடுவதால், உள்ளே போன பால் செரிக்காமல் வயிறு உப்பும், புரையேறி நுரையீரலுக்குள்ளும் இறங்கிவிடலாம். முனகலைப் பசி என்று மட்டும் எண்ணிக் குளிர்ந்த குட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, மறுநாள் என்னிடம் தூக்கி வருபவர்கள் பலர். துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை அருகில் வைத்தோ, உங்கள் மார்போடு அணைத்தோ, அவசரமின்றிச் சூடேற்றுங்கள். வாய் கதகதப்பாகிச் சப்பத் தொடங்கிய பிறகே பால். முதல் வாரத்தில் குட்டிகள் கிடக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்குங்கள். வெப்பம் மிகுந்தால் குட்டிகள் விலகிப் படுக்கவும் இடம் வேண்டும்.

பெரும்பாலான நாய்களுக்கு எட்டு முதல் பத்துக் காம்புகளே இருக்கும். எனவே குட்டிகளை ஐந்தும் ஆறுமாகப் பிரித்து, முறை வைத்துத் தாயிடம் விடுங்கள். காத்திருக்கும் கூட்டம் சூடான பெட்டியில் இருக்கட்டும். மெலிந்த இரண்டையும் சிறிய கூட்டத்தில் சேர்த்து, பால் அதிகம் சுரக்கும் பின்காம்புகளில் நீங்களே பிடித்து விடுங்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் வெவ்வேறு நிறக் கம்பளி நூலைத் தளர்வாகக் கட்டி (குட்டி வளர வளர அவிழ்த்து மாற்ற மறக்காதீர்கள்), தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் எடை கூடி, பத்து நாட்களுக்குள் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். தாயின் பால் போதுமா என்பதைக் கண்ணை நம்பாமல் இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்யுங்கள்.

எடை கூடாத குட்டிக்குப் புட்டிப்பால் தேவை. ஆனால் பசும்பால் அதற்கு ஏற்றதன்று. நாய்ப்பாலில் உள்ள புரதத்திலும் கொழுப்பிலும் ஏறக்குறைய பாதிதான் அதில் உண்டு, பால் சர்க்கரையோ அதிகம் என்பதால் வயிற்றுப்போக்கு வரும். நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்பவுடரை உறையில் சொன்ன அளவில் கரைத்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டாமல், தாயிடம் குடிக்கும் நிலையிலேயே குப்புற வைத்துத் தலையைச் சற்றே உயர்த்த வேண்டும். தாய் நக்கிவிடாத குட்டிக்கு, பால் குடித்த பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றையும் ஆசனவாய்ப் பகுதியையும் மெல்லத் தடவினால்தான் சிறுநீரும் மலமும் வெளியேறும்.

தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு உணவு வேண்டும். இத்தனை குட்டிகளுக்குப் பால் சுரக்கும் நாய்க்கு, முதல் நான்கு வாரங்களுக்குள் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரெனக் குறையக்கூடும். தாய் காரணமின்றி மூச்சிரைத்தாலோ, கால்கள் விறைத்துத் தள்ளாடினாலோ, உடல் நடுங்கினாலோ, உடனே குட்டிகளைப் பிரித்துவிட்டு அந்த நேரமே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கும் நோயன்று அது. குட்டிகளுக்கு இரண்டு வாரம் நிறைந்ததும் குடற்புழு நீக்க மருந்தின் முதல் தவணை தொடங்க வேண்டும். அதன் அளவை எடையைப் பார்த்தே சொல்ல முடியும் என்பதால், நீங்கள் எழுதி வைத்த எடைத் தாளையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.