பேண்ட் சா வைஸில் சிறு துண்டுகள் நழுவாமல் பிடிப்பது எப்படி?

கிருஷ்ணகிரியில் வீட்டோடு பட்டறை வைத்திருக்கும் தாங்கள், கிடைமட்ட பேண்ட் சாவின் (வளையப் பட்டை பிளேடால் இரும்பை அறுக்கும் இயந்திரம்) வைஸில் (துண்டை இரு தாடைகளால் இறுக்கிப் பிடிக்கும் பகுதி) இரண்டு அங்குலத்துக்கும் குறைவான துண்டுகள் நிற்பதில்லை என்றும், அதிகச் செலவில்லாத வழி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

துண்டு பிளேடு பக்கம் மட்டும் இருப்பதால், திருகை இறுக்கும்போது நகரும் தாடை நடுவில் சுழன்று, மறுமுனை உள்ளே சாய்ந்து, துண்டு இருக்கும் பக்கம் விரிந்துவிடுகிறது. எனவே நகரும் தாடையின் அந்த மறுமுனையில் 10.2 மி.மீ. துளையிட்டு, 12 மி.மீ. டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போட்டு, நீண்ட போல்ட் ஒன்றை எதிர்த் தாடையில் முட்டும்படி பொருத்துங்கள். துண்டின் அகலத்துக்குச் சமமாகப் போல்ட்டை நீட்டி லாக் நட்டால் (போல்ட் நகராமல் பூட்டும் நட்) இறுக்கினால், இரு தாடைகளும் இணையாக நிற்கும். மரை வெட்டுவதற்குப் பதிலாக வார்ப்பிரும்புத் தாடையில் நட்டை வெல்டிங் வைக்க வேண்டாம், விரிசல் விடும். தாடை மெலிதாக இருந்தால் அதன்மேல் கனமான ஃபிளாட் (தட்டையான இரும்புப் பட்டை) ஒன்றைப் போல்ட் போட்டுப் பொருத்தி, அதில் மரை வெட்டலாம். ஓசூர் சிப்காட் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் இத்தகைய வெட்டுத் துண்டுகளை எடைக்கு வாங்கலாம்.

அவசரத்துக்கு, அதே அகலமுள்ள இன்னொரு துண்டை மறுமுனையில் செருகினாலே போதும். ஆனால் அது சற்றே மெலிந்திருந்தாலும் பிடி தளரும். அப்படித் தளர்ந்த ஒரு துண்டு திரும்பியதில் என் புது பிளேடின் பற்கள் வரிசையாக உதிர்ந்தன.

பிளேடைச் செங்குத்தாக நிறுத்தி உருளைக் கம்பியை அறுப்பதானால், கம்பி உருளாதபடி ‘வி’ வடிவப் பள்ளம் வெட்டிய மரக்கட்டையில் கிளாம்ப் போட்டு நகர்த்துங்கள்.